பதினெட்டு முடிஞ்சா பெட்டியைக் கட்டு

காப்பகத்தில் வளரும் பிள்ளைக்கு 18 முடிந்தால் வெளியேற வேண்டும். கடைசி வாரம் வரை சும்மா இருந்துவிட்டு, ஒரு பையைக் கையில் கொடுத்து "நல்லா இரு" என்று அனுப்புவது பல இடங்களில் வழக்கம். என்னைக் கேட்டால் இந்த வேலையை 15 வயதிலேயே தொடங்க வேண்டும். பிள்ளைக்குத் தைரியம் சொல்வதை விடக் காகிதங்களைச் சரிசெய்வதுதான் முதல் உதவி.

ஆதாரில் கைரேகை, கருவிழியை 15 வயதில் புதுப்பிப்பது கட்டாயம். அதை விட்டால் 18-இல் சிம் வாங்கப் போகும்போது கைரேகை ஒத்துப்போகாமல் நிற்கும். அதோடு பல பிள்ளைகளின் ஆதாரில் இருப்பது வார்டனின் செல் நம்பர். ஓடிபி அவருக்குப் போகும், அவர் மாற்றலாகிப் போயிருப்பார்! அதனால் முதலில் சொந்தப் பெயரில் சிம், அடுத்து ஆதாரில் அந்த எண், அதன் பிறகு வங்கி. மைனர் கணக்கை மேஜராக மாற்றிக் கேஒய்சி (அடையாளச் சான்றுகள்) கொடுக்காவிட்டால் கணக்கு முடங்கும்.

முடங்கினால் நஷ்டம் பெரிசு. மத்திய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டமான மிஷன் வாத்சல்யாவில் பிற்காப்புக்கு, அதாவது காப்பகத்தை விட்டு வெளியேறியவர்களுக்கான உதவிக்கு, மாதம் 4,000 ரூபாய் உண்டு; அதை வாங்கக் கணக்கு வேண்டும். பொதுவாக 21 வயது வரை, தேவைப்பட்டால் 23 வரை. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில், வெளியேறும் முன்பே கேட்டு வைக்க வேண்டும்.

சாதிச் சான்றிதழ் பற்றிப் பலருக்குத் தெரியாது. பத்து வயதுக்குள் பெற்றோரை இழந்து, கவனிக்க வேறு யாருமின்றி, அரசு அல்லது அரசு அங்கீகாரம் பெற்ற இல்லத்தில் சேர்ந்தவர்கள் தமிழ்நாட்டின் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருகிறார்கள். கல்லூரிச் சேர்க்கைக்கு முன் வாங்கிவிடுங்கள்.

வீடு பிடிப்பதுதான் கொடுமை. "அப்பா என்ன பண்றார்?" என்பதுதான் முதல் கேள்வி. தமிழ்நாட்டின் 2017 வாடகைச் சட்டம் அட்வான்ஸ் மூன்று மாத வாடகை என்கிறது, ஆனால் ஒப்பந்தத்தில் கூடுதலாக எழுதிக் கையெழுத்து வாங்கினால் அது செல்லும். மாதம் 4,000-ஐ வைத்துக்கொண்டு ஐந்து மாத அட்வான்ஸை எங்கே போய்ப் புரட்டுவது? உதவ நினைப்பவர்கள் பிறந்தநாளுக்குப் பிரியாணி போடுவதை விட்டு, ஒரு அட்வான்ஸுக்குப் பணம் கொடுங்கள். சமையலுக்கு 5 கிலோ சிலிண்டர் போதும், முகவரிச் சான்று கேட்க மாட்டார்கள்.

வேலையில் சேர்ந்ததும் பிஎஃப் படிவத்தில் நாமினி கட்டத்தைப் பார்த்துப் பிள்ளை திகைக்கும். குடும்பம் இல்லாதவர் யாரை வேண்டுமானாலும் போடலாம், நண்பனைக்கூட. கல்யாணம் ஆனால் அது செல்லாது, புதிதாகப் போட வேண்டும்.