தம்பி பக்கம் இருந்த நியாயம்

ரெஸ்லிங்கில் மறக்க முடியாத பகை எது என்று கேட்டால் நம்மில் நிறையப் பேர் யோசிக்காமல் ராக் – ஸ்டோன் கோல்ட் என்பார்கள், இல்லையென்றால் அண்டர்டேக்கர் – கேன் என்பார்கள். கேபிள் டிவி வந்த காலத்தில் ட்ரம்ப் கார்டு வைத்து விளையாடி வளர்ந்த தலைமுறைக்கு அந்தப் பெயர்கள்தான் முதலில் வாயில் வரும், அதில் தப்பே இல்லை. ஆனால் என் ஓட்டு பிரெட் ஹார்ட்டுக்கும் அவருடைய சொந்தத் தம்பி ஓவன் ஹார்ட்டுக்கும் நடந்த சண்டைக்குத்தான். 1993 நவம்பரில் தொடங்கி 1994 முழுக்க ஓடியது. அந்த அளவுக்குப் பொறுமையாகக் கட்டப்பட்ட ஒரு பகையை டிவி மல்யுத்தத்தில் அதற்கு முன்னாலும் பின்னாலும் நான் பார்த்ததில்லை.

இப்படி எழுதினாலே "அதெல்லாம் டிராமா, யார் ஜெயிக்கணும்னு முன்னாடியே முடிவு பண்ணியிருப்பான்" என்று ஒரு கமெண்ட் வரும். ஆமாம், முடிவு செய்யப்பட்டதுதான். தெரிந்துதான் பார்க்கிறோம். பாரதக் கூத்தில் துரியோதனன் படுகளத்தில் விழப் போகிறான் என்று ஊருக்கே தெரியும், இருந்தாலும் விடிய விடிய உட்கார்ந்து பார்க்கிறார்கள், ஏனென்றால் அவன் பக்கமும் பேச ஒரு வழக்கு இருக்கிறது, அதை அவன் எப்படிப் பேசுகிறான் என்பதுதான் கூத்து. எனக்கு ரெஸ்லிங்கும் அப்படித்தான். வில்லன் பக்கம் ஒரு துளியாவது நியாயம் இருக்க வேண்டும். அது இல்லாத பகை எவ்வளவு சத்தமாக இருந்தாலும் இரண்டு மாதத்தில் சலித்துவிடும்.

ஓவன் பக்கம் நிறையவே இருந்தது. கனடாவின் கால்கரியில் ஸ்டு ஹார்ட் என்ற பழைய மல்யுத்த வீரர், ஸ்டாம்பீட் ரெஸ்லிங் என்ற மல்யுத்த கம்பெனியை நடத்தியவர், தன் வீட்டு நிலவறையிலேயே பயிற்சிக் கூடம் வைத்திருந்தார். அதற்கு 'டஞ்சன்' என்று பெயர். அவருக்குப் பன்னிரண்டு பிள்ளைகள், ஓவன் கடைக்குட்டி. அண்ணன் பிரெட் அதற்குள் உலக சாம்பியனாகி, இறங்கி வரும்போதெல்லாம் முன்வரிசையில் இருக்கும் ஒரு குழந்தைக்குத் தன் கண்ணாடியைக் கழற்றிப் போட்டுவிட்டு ரிங்குக்குள் போகிற பெரிய நட்சத்திரம். தம்பி? திறமையில் அண்ணனுக்குச் சளைத்தவர் இல்லை, காற்றில் பறப்பதில் அண்ணனைவிட ஒரு படி மேல் என்றே சொல்வேன். ஆனால் எங்கே போனாலும் "பிரெட்டின் தம்பி". வீட்டில் கடைசிப் பிள்ளையாகப் பிறந்தவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

1993 சர்வைவர் சீரிஸ் என்ற பெரிய நிகழ்ச்சியில், தோற்பவர் ஒவ்வொருவராக வெளியேறும் அணிப் போட்டி. ஹார்ட் சகோதரர்கள் நால்வர் ஒரே அணியில், எதிரே ஷான் மைக்கேல்ஸ் அணி. ஓவன் ஓடி வந்து ரிங் ஓரத்தில் நின்ற பிரெட் மீது மோதிவிட, அந்தத் தடுமாற்றத்தில் மைக்கேல்ஸ் ஓவனை மடக்கி வெளியேற்றிவிடுகிறார். நான்கு சகோதரர்களில் வெளியேறியது ஓவன் ஒருவர்தான். அண்ணன் கீழே விழுந்ததைப் பார்க்க எல்லோரும் ஓடுகிறார்கள், தம்பி தோற்றதை யாரும் கேட்கவில்லை. போட்டி முடிந்து மற்ற மூவரும் கொண்டாடும்போது ஓவன் திரும்பி வந்து பிரெட்டைத் தள்ளிவிடுகிறார். பகை என்பதற்கு இவ்வளவு சின்ன, இவ்வளவு வீட்டுத்தனமான ஒரு தொடக்கம்! யாரும் யாருடைய தலையிலும் நாற்காலியை உடைக்கவில்லை. பிறகு சமாதானம் ஆனது போல ஆகி, 1994 ஜனவரி ராயல் ரம்பிளில் இருவரும் சேர்ந்து டேக் டீம் பட்டத்துக்கு, அதாவது கை மாற்றி மாற்றி மோதும் ஜோடிகளுக்கான பட்டத்துக்கு, மோதுகிறார்கள். பிரெட்டுக்கு முழங்காலில் அடி. ஓவனிடம் கை மாற்றிக் கொடுத்திருக்கலாம், கொடுக்காமல் தானே முடிக்கப் பார்க்கிறார், நடுவர் போட்டியை நிறுத்திவிடுகிறார். நிற்கக்கூட முடியாமல் இருக்கும் அண்ணனின் அடிபட்ட காலிலேயே ஓவன் எட்டி உதைக்கிறார். அந்த இடத்தில் வில்லன் ஓவன்தான், சந்தேகமில்லை. ஆனால் யோசித்துப் பாருங்கள், கை மாற்றிக் கொடுக்காதது யார்?

மார்ச் 20, ரெஸில்மேனியா பத்து, நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டன். தம்பியோடு மோத மாட்டேன் என்று மறுத்துக்கொண்டிருந்த பிரெட் கடைசியில் ஒப்புக்கொள்கிறார். முதல் போட்டியே அண்ணன் தம்பிதான். இருபது நிமிடம் சுத்தமான மல்யுத்தம், ஆயுதம் இல்லை, இடையில் புகுந்து கெடுக்க யாரும் வரவில்லை. பிரெட் ஓவனின் தோள் மேல் ஏறி உருட்டப் பார்க்க, ஓவன் அப்படியே உட்கார்ந்து அமுக்கிவிடுகிறார், ஒன்று இரண்டு மூன்று. தம்பி ஜெயித்துவிட்டார், அதுவும் ஏமாற்றாமல். அதே இரவு கடைசிப் போட்டியில் பிரெட் யோகோசூனாவை வீழ்த்திப் பட்டத்தை வாங்குகிறார், மற்ற வீரர்கள் அவரைத் தோளில் தூக்கிக் கொண்டாடுகிறார்கள். ஓவன் நடைபாதையில் நின்று வெறித்துப் பார்க்கிறார். காலையில் ஜெயித்தவன், சாயங்காலமே யாருக்கும் நினைவில்லாதவன் ஆன மாதிரி. அந்த முகத்துக்கு ஒரு வசனமும் தேவைப்படவில்லை.

ஆகஸ்டில் சிகாகோவில் நடந்த சம்மர்ஸ்லாம் கூண்டுச் சண்டையை இந்தக் காலத்துப் பிள்ளைகள் அவசியம் பார்க்க வேண்டும். முப்பது நிமிடத்துக்கு மேல் ஓடுகிறது, ஒரு சொட்டு ரத்தம் கிடையாது. முதலில் வெளியே இறங்குகிறவன் ஜெயித்தான் என்பதுதான் விதி. ஒருவன் ஏறுவான், இன்னொருவன் காலைப் பிடித்து இழுப்பான், முடியைப் பிடித்து இழுப்பான், கதவை நோக்கித் தவழுவான். இதையே திரும்பத் திரும்பச் செய்தும் ஒரு தடவைகூட அலுக்கவில்லை, ஒவ்வொரு முறையும் இப்போது போய்விடுவான் என்று நம்ப வைத்துவிடுகிறார்கள். ஹார்ட் குடும்பமே ரிங் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது. கடைசியில் ஓவனின் கால் கம்பியில் மாட்டிக்கொண்டு தலைகீழாகத் தொங்க, பிரெட் கீழே குதித்துவிடுகிறார். மறுபடியும் தம்பியை அண்ணன் முழுசாகத் தோற்கடிக்கவில்லை, பாருங்கள். அந்தச் சந்தேகத்தை விட்டுவைத்ததில்தான் எழுதியவர்களின் கெட்டிக்காரத்தனம்.

எல்லாவற்றிலும் என்னை உலுக்கியது அந்த வருட நவம்பர் சர்வைவர் சீரிஸ்தான். பிரெட்டுக்கும் பாப் பேக்லண்டுக்கும் போட்டி. ரிங் ஓரத்தில் பிரெட்டின் பக்கம் மச்சான் டேவி பாய் ஸ்மித், அதாவது பிரிட்டிஷ் புல்டாக், கையில் துண்டோடு நிற்கிறார். அவர் துண்டை வீசினால் பிரெட் தோற்றதாக அர்த்தம். புல்டாக் அடிபட்டு மயங்கிக் கிடக்கிறார், பேக்லண்ட் பிரெட்டின் கழுத்தையும் கையையும் சேர்த்துப் பின்னிப் பிடித்துவிட்டார், விடவே இல்லை, நிமிடக் கணக்கில் போகிறது. அப்போது ஓவன் அழுதுகொண்டே முன்வரிசையில் இருக்கும் அம்மா ஹெலனிடம் ஓடுகிறார். அண்ணனைக் காப்பாற்று அம்மா, துண்டை வீசு அம்மா என்று கெஞ்சுகிறார். அப்பா ஸ்டு கூடாது என்கிறார். அம்மா மனசு கேட்கவில்லை, வீசிவிடுகிறார். அடுத்த நொடி ஓவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு துள்ளிக் குதித்து ஓடுகிறார். பட்டம் போய்விட்டது. பெற்ற தாயின் கையாலேயே அண்ணனைத் தோற்கடித்த தம்பி. பேக்லண்ட் அந்தப் பெல்ட்டை மூன்றே நாளில் டீசலிடம் எட்டு வினாடியில் இழந்தார், அதை விடுங்கள், எனக்கு அந்த அம்மாவின் முகம்தான் முக்கியம்.

இது எப்படிச் சாத்தியமானது என்று பார்த்தால் காரணம் சாதாரணமானது. நேரம். 1994-ல் இதையெல்லாம் நடத்திய டபிள்யூடபிள்யூஎஃப் கம்பெனி வருடத்துக்கு ஐந்தே ஐந்து பெரிய காசுகட்டிப் பார்க்கும் நிகழ்ச்சிகள்தான் நடத்தியது. 'ரா' என்ற வாராந்திர டிவி நிகழ்ச்சி ஒரு மணி நேரம். ஒரு உதைக்கும் அதற்கான பதிலுக்கும் நடுவில் இரண்டு மாதம் கிடைக்கும், அந்த இரண்டு மாதமும் பேச்சும் முறைப்பும்தான். 1995 மே மாதம் 'இன் யுவர் ஹவுஸ்' தொடங்கியதும் பெரிய நிகழ்ச்சிகளின் எண்ணிக்கை ஏறியது, 1997-ல் ரா இரண்டு மணி நேரம் ஆனது, 2012-ல் மூன்று மணி நேரம். நிரப்ப வேண்டிய நேரம் கூடக் கூட, ஒரே ஜோடி நாலு வாரத்தில் மூன்று தடவை மோதிவிடுகிறது. பிறகு ஏங்குவதற்கு என்ன மிச்சம்?

வில்லனுக்கு நியாயம் கொடுப்பது ஓவனோடு தொடங்கியதும் இல்லை. 1987-ல் ஹல்க் ஹோகன் – ஆண்ட்ரே தி ஜெயண்ட் பகையில், பதினைந்து வருடம் தோற்காதவர் என்று விளம்பரப்படுத்திய ஆண்ட்ரேவுக்குச் சின்னக் கோப்பை, மூன்று வருட சாம்பியன் ஹோகனுக்குப் பெரிய கோப்பை. நண்பனுக்குக் கோபம் வராதா? ஆண்ட்ரே ஹோகனின் சட்டையையும் சிலுவையையும் பிய்த்து எறிந்தபோது எனக்கு ஆண்ட்ரே மீதுதான் பரிதாபம் வந்தது. ஆனால் அவரை வில்லன் மேனேஜர் பாபி ஹீனனின் ஏவலாளாக ஆக்கிவிட்டார்கள், அந்த வருத்தம் எனக்கு இன்னும் போகவில்லை. கேனுக்கும் ஒரு வழக்கு இருந்தது, அண்ணன் அண்டர்டேக்கர் வைத்த தீயில் வெந்தவன் என்பது கதை. 1997 அக்டோபரில் கூண்டின் கதவைப் பிய்த்துக்கொண்டு அவர் உள்ளே வந்த காட்சிக்கு நானும் ரசிகன்தான்.

பிரெட் ஹார்ட் – ஸ்டோன் கோல்ட் ஸ்டீவ் ஆஸ்டின் பகையை ஓவனுக்கு அடுத்த இடத்தில் வைப்பேன், மூச்சுவிடும் இடைவெளிதான் வித்தியாசம். 1997 ராயல் ரம்பிளில், மேல் கயிற்றைத் தாண்டி வெளியே விழுந்தவன் அவுட் என்ற போட்டியில், பிரெட் ஆஸ்டினை வெளியே தூக்கிப் போட்டுவிட்டார், நடுவர்கள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்ததால் ஆஸ்டின் திரும்ப உள்ளே நழுவி வந்து பிரெட்டையே வெளியேற்றி ஜெயித்தார். பிரெட் குறை சொன்னார். அவர் சொன்னது அத்தனையும் உண்மை. ஆனால் வாராவாரம் சொல்லிக்கொண்டே இருந்ததில் கூட்டத்துக்கு அலுத்துவிட்டது. மார்ச் 23, சிகாகோ பக்கம் ரோஸ்மாண்டில் ரெஸில்மேனியா பதிமூன்று, கென் ஷாம்ராக் நடுவர். அப்போது கம்பெனியில் ரத்தம் கூடாது என்று கட்டுப்பாடு, இருவரும் தங்களுக்குள் பேசிக்கொண்டு அதை மீறினார்கள். பிரெட்டின் ஷார்ப்ஷூட்டர் என்ற கால் பிடியில் முகமெல்லாம் ரத்தம் வழிய ஆஸ்டின் மயங்கினாரே தவிர விட்டுக்கொடுக்கவில்லை. மயங்கியவரை பிரெட் மறுபடி அடிக்கப் போக, ஷாம்ராக் தூக்கி எறிந்தார். ஹீரோவாக வந்தவர் ஏச்சு வாங்கிக்கொண்டு போனார், வில்லனாக வந்தவர் யார் தோளையும் பிடிக்காமல் நடந்து போக அரங்கமே அவர் பெயரைச் சொன்னது. ஒரே போட்டியில் இரண்டு பேரும் இடம் மாறினார்கள், அதுவும் இருவரும் தங்கள் குணத்தை மாற்றிக்கொள்ளாமலேயே.

அதன் பிறகு பிரெட் செய்த முதல் காரியங்களில் ஒன்று, ஒருவரோடு ஒருவர் மோதிக்கொண்டிருந்த ஓவனையும் புல்டாகையும் நடு ரிங்கில் நிறுத்தி, நாம் குடும்பம் என்று சொல்லிச் சேர்த்து வைத்தது. மூன்றரை வருடக் கதை ஒரு கட்டிப்பிடிப்பில் முடிந்தது. அந்த ஜூலையில் கால்கரியில் ஹார்ட் அணி ஆஸ்டின் அணியோடு மோதியபோது அரங்கம் இடிந்து விழுகிற சத்தம். அமெரிக்காவில் வில்லன், கனடாவில் கடவுள். கடைசியில் ஆஸ்டினை அமுக்கி ஜெயித்துக் கொடுத்தது யார் தெரியுமா? ஓவன். சொந்த ஊரில், அப்பா அம்மா முன்னால். அதைப் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கியது, சொல்வதில் வெட்கமில்லை.

ஆஸ்டின் – கம்பெனி முதலாளி மிஸ்டர் மக்மேன் பகையை இவற்றோடு சேர்க்க எனக்கு மனம் வரவில்லை. பார்க்க ஜாலியாக இருந்தது, முதலாளியை அடிக்கிற தொழிலாளியை யாருக்குத்தான் பிடிக்காது. ஆனால் முதலாளி பக்கம் ஒரு வாதமும் கிடையாது. அது வெற்றி பெற்றதால், பிறகு வருடாவருடம் ஒரு கெட்ட அதிகாரியை நம் தலையில் கட்டினார்கள். 2001 ஏப்ரல் 1, ஹூஸ்டன், ரெஸில்மேனியா பதினேழில் ஆஸ்டின் அதே மக்மேனோடு கைகுலுக்கி, ராக்கை நாற்காலியால் அடித்து நொறுக்கி வில்லன் ஆனார். மேட்ச் பிரமாதம். ஆனால் டெக்சஸ் கூட்டம் அவருக்குக் கைதட்டிக்கொண்டே இருந்தது. ஏன் மாறினார் என்பதற்குப் பட்டத்து ஆசை என்ற ஒன்றைத் தவிர வேறு வேர் இல்லை. ஓவனுக்கு இருந்த மாதிரி ஒரு வீட்டுக் காயம் ராக்குக்கும் ஆஸ்டினுக்கும் நடுவில் கடைசிவரை இல்லை.

1999 மே 23 அன்று கன்சாஸ் சிட்டியில், அரங்கத்தின் கூரையிலிருந்து கயிற்றில் இறங்குவதாக இருந்த ஓவன் விழுந்து இறந்தார். 34 வயது. அவர் இறந்த பிறகும் அன்றைய நிகழ்ச்சியைத் தொடர்ந்து நடத்தினார்கள். நிறுத்தியிருக்க வேண்டும், எத்தனை வருடம் ஆனாலும் இதில் என் கருத்து மாறாது. அவருடைய மனைவி மார்த்தா அந்தக் கம்பெனியின் ஹால் ஆஃப் ஃபேமில் ஓவன் பெயரைச் சேர்க்க ஒப்புக்கொள்ளவில்லை. அவர் முடிவை ரசிகர்கள் மதிக்க வேண்டும். "ரசிகர்களுக்காக விட்டுக்கொடுக்கலாமே" என்று அவருக்கு உபதேசம் செய்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு ஆத்திரம் வருகிறது.

ராக் ரசிகர்கள் கமெண்டில் சண்டைக்கு வரலாம், தாராளமாக. ஒரே ஒரு நிபந்தனை. 1993 சர்வைவர் சீரிஸ், 1994 ரம்பிள், ரெஸில்மேனியா பத்து, சம்மர்ஸ்லாம் கூண்டு, 1994 சர்வைவர் சீரிஸ், இந்த ஐந்தையும் இதே வரிசையில் பார்த்துவிட்டு வாருங்கள். நடுவில் ஒன்றையும் தாண்ட வேண்டாம், முக்கியமாக அந்தத் துண்டு வீசும் போட்டியை ஓட்டி ஓட்டிப் பார்க்க வேண்டாம். அப்புறம் பேசுவோம்.