இன்ஜெக்டர் மீது பழி போடுவதற்கு முன்

டீசல் பிக்கப் வண்டிகளில் எது நம்பகமானது என்ற பேச்சு எழும்போதெல்லாம், இன்ஜெக்டர் போய்விட்டது, மொத்த செட்டையும் மாற்றச் சொல்லிவிட்டார்கள் என்ற புலம்பலும் கூடவே வந்துவிடுகிறது. டீசல் பம்ப், இன்ஜெக்டர் பழுதுபார்க்கும் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் இதில் எனக்கு உறுதியான கருத்து ஒன்று உண்டு. டீசலை இன்ஜினுக்குள் பீய்ச்சும் இன்ஜெக்டர் தானாகக் கெடுவதைவிட, அதற்கு வந்து சேரும் டீசலாலும் அந்த டீசலை அழுத்தி அனுப்பும் பம்பாலும் கெடுக்கப்படுவதே அதிகம். அப்படியிருக்க, அதற்கான பில்லை வண்டிக்காரர் தலையில் கட்டுவது அநியாயம். அமெரிக்கப் பிக்கப் வண்டிகளின் கதையைப் பார்த்தாலே இது விளங்கிவிடும்.

2001இல் ஜெனரல் மோட்டார்ஸ் தன் 6.6 லிட்டர் டியூராமேக்ஸ் இன்ஜினில் காமன் ரெயில் முறையைக் கொண்டுவந்தது; அதாவது, அழுத்திய டீசலை ரெயில் என்ற ஒரே குழாயில் தேக்கி எல்லா இன்ஜெக்டர்களுக்கும் பிரித்துக் கொடுக்கும் முறை. எல்.பி.7 என்று அறியப்படும் அந்த இன்ஜினில் எட்டு இன்ஜெக்டர்களும் இன்ஜினின் மேல்மூடியான வால்வு கவருக்கு அடியில் இருந்தன. அவை தேய்ந்து கசியத் தொடங்கியதும், ஐடிலில் வெள்ளைப் புகை கிளம்பியது. வெளியே தெரியாமல் டீசல் ஆயிலோடு கலந்து, ஆயிலின் பிசுபிசுப்பையே போக்கியது. ஒன்றை மாற்றுவதற்கும் மேலே இருக்கும் பாதியைக் கழற்றியாக வேண்டும். ஆனால் அப்போது அந்த நிறுவனம் செய்தது சரியான காரியம்: இன்ஜெக்டர்களுக்கு மட்டும் பாதுகாப்பை 7 ஆண்டுகள் அல்லது 2,00,000 மைல் வரை நீட்டித்தது. பின்னர் வந்த இன்ஜினில் இன்ஜெக்டர்களை வால்வு கவருக்கு வெளியே கொண்டுவந்தது.

ஃபோர்டின் 6.0 லிட்டர் பவர் ஸ்ட்ரோக் இன்ஜினின் குறை வேறு வகை. அதில் இன்ஜெக்டரை இயக்குவது இன்ஜின் ஆயிலின் அழுத்தம். ஆயில் பழசானால் ஆயிலைத் திறந்து மூட இன்ஜெக்டருக்குள் நகரும் ஸ்பூல் ஒட்டிக்கொள்ளும். இன்ஜெக்டர்களுக்கு 48 வோல்ட் கொடுக்கும் மாட்யூல், பேட்டரி பலவீனமானால் தானும் பலவீனமாகும். அந்த இன்ஜினைச் செய்துகொடுத்த நேவிஸ்டாரும் ஃபோர்டும் வாரண்டிச் செலவு யாருடையது என்று நீதிமன்றம் வரை போய், 2009இல்தான் சமரசத்துக்கு வந்தார்கள். பழுது எங்கே தொடங்கியது என்பதில் செய்தவர்களுக்குள்ளேயே ஒற்றுமை இல்லாதபோது, வாங்கியவர் மட்டும் எப்படிப் பொறுப்பாவார்?

இவை இரண்டையும் விட என்னை அதிகம் வருத்துவது, பாஷ் நிறுவனத்தின் சி.பி.4.2 உயர் அழுத்தப் பம்பின் விவகாரம். 2011 முதல் ஃபோர்டின் 6.7 லிட்டர் இன்ஜினிலும், 2011 முதல் 2016 வரை டியூராமேக்ஸிலும், 2019, 2020 மாடல் ராம் வண்டிகளின் கம்மின்ஸ் இன்ஜினிலும் இது பொருத்தப்பட்டது. இதற்கு முந்தைய சி.பி.3 பம்பில் மூன்று பிஸ்டன்கள், இதில் இரண்டே. பிஸ்டனைத் தள்ளும் கேம் மீது உருளும் ரோலர் டேப்பட் தன் குழிக்குள் திரும்பிவிட்டால், உருள வேண்டிய ரோலர் குறுக்காக நின்று கேமைச் சுரண்டத் தொடங்குகிறது. பம்பின் உட்புறத்துக்கு வேறு ஆயில் கிடையாது, டீசலே அதற்கு மசகு. சுரண்டிய இரும்புத்தூளைச் சுமந்துகொண்டு அந்த டீசல் ரெயிலுக்குள் போகிறது, அங்கிருந்து எல்லா இன்ஜெக்டர்களுக்கும் போகிறது.

இப்படிக் கெட்டுப்போன பம்பில், உள்ளே போகும் டீசலை அளந்துவிடும் மீட்டரிங் யூனிட்டைக் கழற்றினால், அதன் சிறு வலையில் சாம்பல் நிறத்தில் ஒரு படிவு இருக்கும். வெள்ளைத் துணியில் துடைத்து வெளிச்சத்தில் காட்டினால் மினுமினுக்கும். விரலால் தேய்த்தால் தூள் இருப்பதே தெரியாது. ஆனால் இன்ஜெக்டருக்குள் ஊசி ஏறி இறங்கும் இடைவெளி சில மைக்ரான்தான், அதாவது தலைமுடியின் கனத்தில் மிகச் சிறிய ஒரு பங்கு. அந்தத் தூள் அங்கே போனபின் இன்ஜெக்டரைக் கழுவிப் பயனில்லை. பம்ப், ரெயில், லைன்கள், இன்ஜெக்டர்கள் எல்லாவற்றையும் மாற்றி, டேங்கையும் சுத்தம் செய்ய வேண்டும். அமெரிக்காவில் இதற்கான செலவு பத்தாயிரம் டாலரைத் தொடுகிறது.

டீசலின் பங்கையும் சொல்லியாக வேண்டும். கந்தகத்தை நீக்கும் சுத்திகரிப்பு, டீசலுக்கு இயல்பாக இருந்த மசகுத் தன்மையையும் சேர்த்தே நீக்கிவிடுகிறது. அதைச் சேர்மானங்களால் திரும்பக் கொடுக்க வேண்டும். டீசலுக்குள் ஒரு தகட்டின் மீது சிறு குண்டை 75 நிமிடம் தேய்த்து, குண்டில் விழும் தேய்மானத் தழும்பை அளந்து இந்தத் தன்மையைச் சோதிக்கிறார்கள். ஐரோப்பாவில் அந்தத் தழும்பு 460 மைக்ரானைத் தாண்டக் கூடாது. அமெரிக்காவில் 520 வரை அனுமதி. அமெரிக்கச் சந்தையில் என்ன டீசல் கிடைக்கும் என்பது பம்பைத் தேர்ந்தெடுத்தவர்களுக்குத் தெரியாததல்ல. பெட்ரோல் பங்க்கில் கிடைத்ததை நிரப்பிய விவசாயியோ, டிரெய்லர் இழுப்பவரோ இந்த எண்ணைக் கேள்விப்பட்டிருக்கக்கூட வாய்ப்பில்லை. அவரிடம்தான், டீசலில் தண்ணீர் கலந்திருக்கிறது, இது வாரண்டியில் வராது என்று கையை விரித்தார்கள். தண்ணீரும் பம்பைக் கெடுக்கும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அதை நிரூபிக்கும் பொறுப்பு மறுப்பவருக்கு இருக்க வேண்டும்.

கடைசியில் ராம் வண்டிகளுக்கு 2021இல் ரீகால், அதாவது குறையைச் சரிசெய்யத் திரும்ப அழைக்கும் அறிவிப்பு, வந்தது. 2.2 லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகள் அதில் அடங்கின, பழைய சி.பி.3 பம்பே மீண்டும் பொருத்தப்பட்டது. ஓடும் வண்டி நெடுஞ்சாலையில் திடீரென்று நின்றுபோவது பாதுகாப்புப் பிரச்சினை என்று அங்கே ஒப்புக்கொள்ளப்பட்டது. அதே வகைப் பம்போடு பத்தாண்டுகளுக்கு முன்பே விற்கப்பட்ட மற்ற வண்டிகளுக்கு அந்த நியாயம் கிடைக்கவில்லை. டியூராமேக்ஸ் வழக்கில் 5 கோடி டாலர் தர ஜெனரல் மோட்டார்ஸ் உடன்பட்டாலும், அது குறிப்பிட்ட சில மாநிலங்களில் வாங்கியவர்களுக்கு மட்டும்தான்.

நம் நாட்டில் மசகுத் தன்மைக்கான வரம்பு ஐரோப்பாவைப் போல் 460தான். இங்கே எனக்குப் பெரிய கவலை மழைக்காலத் தண்ணீர். டீசலிலிருந்து தண்ணீரைப் பிரிக்கும் வாட்டர் செபரேட்டரைத் திறந்து, சேர்ந்த தண்ணீரை வெளியேற்றும் பழக்கமே பலரிடம் இல்லை.

அமெரிக்காவில் இருக்கும் நண்பர்கள் 2011 முதல் 2016 வரையிலான டியூராமேக்ஸையோ, 6.7 லிட்டர் ஃபோர்டையோ பழையதாக வாங்க நினைத்தால், ஓட்டிப் பார்ப்பதோடு நிற்காதீர்கள். மீட்டரிங் யூனிட்டைக் கழற்றி வலையைக் காட்டச் சொல்லுங்கள், ஃபில்டர் மாற்றிய பில்களைக் கேளுங்கள். வாங்கியபின் டேங்க் வற்றிக் காற்று இழுக்கும் அளவுக்கு ஓட்டாதீர்கள். பம்ப் உடைந்தாலும் தூள் இன்ஜெக்டருக்குப் போகாமல் டேங்குக்கே திருப்பிவிடும் பைபாஸ் கிட் சந்தையில் கிடைக்கிறது. அதைப் போட்டுக்கொள்வது நல்லது. ஆனால் அந்தச் செலவு வண்டியைச் செய்தவர்களுடையதாக இருந்திருக்க வேண்டும் என்பதை அடுத்த வண்டி வாங்கப் போகும்போது அவர்களிடமே சொல்லுங்கள்.