“என்ன நடந்துச்சு, சொல்லுங்க”ன்னு ஆச்சியை நோண்டாதீங்க

2023 டிசம்பர் 18. திருநெல்வேலி மீனாட்சிபுரத்துல எங்க ஆச்சி வீட்டுக்குள்ள தாமிரபரணி வெள்ளம் வந்துட்டு. பக்கத்து வீட்டு மாடிப்படியில விடிய விடிய உக்காந்திருந்தா ஆச்சி.

சேத்தை ஒரு வாரத்துல கழுவிட்டோம். ஆனா மாடித் தொட்டி நிறைஞ்சு தண்ணி சொட்டுனா போதும், ஆச்சி பதறி எந்திரிச்சு வாசக்கதவைத் திறந்துருவா. வர்றவுக எல்லாரும் “அன்னைக்கு என்னம்மா ஆச்சு?”ன்னு கேட்டாவ. கவுன்சிலிங்னு வந்த அம்மாவும் மூணு தடவை சொல்ல வச்சாவ. சொன்ன ராத்திரியெல்லாம் ஆச்சிக்கு உறக்கம் கிடையாது.

பேரிடர் முடிஞ்ச கையோட ஆளை உக்கார வச்சு நடந்ததை ஒப்பிக்கச் சொல்ற முறையை உலக சுகாதார நிறுவனமே வேண்டாம்னுதான் சொல்லுது. பக்கத்துல இருங்க, சோறு தண்ணி பாருங்க, அவுகளாப் பேசுனா கேளுங்க, அம்புட்டுதான். மாசக்கணக்கா விடாத அதிர்ச்சிக்கு அவுக 2013-ல பரிந்துரைச்சதுல ஒண்ணு இ.எம்.டி.ஆர்.னு ஒரு கண்ணசைவு சிகிச்சை. 1987-ல அமெரிக்காவுல ஃபிரான்சின் ஷபிரோ தொடங்கினது. அந்த நினைவை மனசுல வச்சுக்கிட்டே, சிகிச்சை தர்றவர் விரலை அசைக்க அசைக்க கண்ணால பின்தொடரணும். நடந்ததை விலாவாரியாச் சொல்லணும்னு கட்டாயம் இல்ல. யோகாவையும் சோதிச்சிருக்காங்க. இந்த அதிர்ச்சி நோய் (PTSD) வேற சிகிச்சையில குணமாகாத 64 பெண்களை வச்சு நடந்த ஆய்வு 2014-ல வந்துச்சு. பத்து வாரம் யோகா செஞ்சவங்கள்ல பாதிப்பேருக்கு மேல அந்த நோய் வரையறைக்குள்ளேயே இல்லாமப் போனாங்க.

பேசிக் குணமானவங்களை நான் மறுக்கல. மாத்திரையை நிறுத்தவும் சொல்லல. ஒரே நாள் முகாம்ல எல்லாம் சரியாப்போகும்னு காசு வாங்குறவங்ககிட்ட மட்டும் போயிராதீங்க. உயிரை விட்டுரலாமான்னு தோணுற அளவுக்கு இருந்தா அரசோட மனநல உதவி எண் 14416-க்கு உடனே போன் போடுங்க, இலவசம். ஆனா வாய் திறக்க முடியாத ஒருத்தரை “ஒத்துழைக்க மாட்டேங்காவ”ன்னு எழுதி வைக்கிறது அநியாயம். நம்ம இழவு வீட்டுல யாரு விளக்கம் கேட்டா? தோளோட தோள் சேந்து மாரடிச்சு அழுதாங்க.

ஆச்சியை வெளிய கொண்டுவந்தது பூக்கட்டுற பக்கத்து வீட்டுப் பெரியம்மை. ஒரு வார்த்தை கேக்கல. பூக்கூடையைக் கையில கொடுத்து ஆத்தங்கரையில இருக்கிற குறுக்குத்துறைக்குக் கூட்டிட்டுப் போனா. முதல் வாரம் தெருமுனையோட ஆச்சி திரும்பிட்டா. பெரியம்மையும் கூடவே திரும்பிட்டா. அடுத்து, ஆறு தெரியுற வரைக்கும். அப்புறம் படித்துறையில மேல் படி. கால் நடுங்குனா அங்கேயே உக்காந்து ரெண்டு பேரும் பூக்கட்டுவாக. நார் இழுக்க இழுக்க ஆச்சிக்கு மூச்சு நிதானத்துக்கு வரும், நான் பாத்திருக்கேன்.

சித்திரை வெயில்ல ஒருநாள் நானும் போனேன். கடைசிப் படியில சேலையைத் தூக்கிச் சொருகிட்டு, என் தோளைப் பிடிச்சுக்கிட்டு ஒத்தக் காலை விட்டா ஆச்சி. கரண்டை வரைக்கும் தண்ணி. ரொம்ப நேரம் பேசவேயில்ல.

“ஏட்டி, வெதுவெதுன்னு கெடக்கு”ன்னா.

அடுத்த காலையும் விட்டா.