ஏழு கமென்ட் எழுதினேன், பிழையைத் தவிர

போன வாரம் ஒரு லினக்ஸ் டிரைவருக்கான (சாதனத்தை இயக்கும் நிரல்) பேட்ச், அதாவது கோடில் செய்யும் மாற்றம், ரிவ்யூவுக்கு வந்தது. சாதனத்துக்குள் ஓடும் மென்பொருளான ஃபர்ம்வேர் தயாராகிவிட்டதா என்று சாதனத்தின் ரிஜிஸ்டரை (அதன் நிலையைச் சொல்லும் சிறு நினைவிடம்)த் திரும்பத் திரும்பப் படித்துப் பார்க்கும் கோடு. ஏழு கமென்ட் எழுதினேன். ஸ்பேஸ் இருந்த இடத்தில் டேப், நீளமான வரி, இப்படி. பாதிக்கு மேல், ஸ்டைல் பிழைகளைத் தானே பிடிக்கும் செக்பேட்ச் ஸ்கிரிப்ட்டே சொல்லியிருக்கும். லூப்பில் இருந்த பிழை என் கண்ணில் படவில்லை. கூட வேலை பார்க்கும் தம்பிதான் காட்டினான்.

ரிஜிஸ்டரைப் படி, தயாராகவில்லையென்றால் கொஞ்சம் தூங்கு, கெடு தாண்டிவிட்டால் பிழை சொல்லித் திரும்பு. இவ்வளவுதான் லூப். சிஸ்டம் திணறும்போது 10 மில்லிசெகண்ட் தூங்கப் போன த்ரெட் (இந்த லூப்பை ஓட்டுவது) எப்போது எழும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. அதற்குள் ஃபர்ம்வேர் தயாராகியிருக்கும். த்ரெட்டோ ரிஜிஸ்டரை மறுபடி படிக்காமல், கடிகாரத்தை மட்டும் பார்த்துவிட்டுக் கிளம்பிவிடும். லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலில் இதற்கென்றே இருக்கும் ‘ரீட்எல் போல் டைம்அவுட்’ மேக்ரோ (தயாராக எழுதி வைத்த கோடு), கெடு முடிந்த பிறகும் ஒருமுறை ரிஜிஸ்டரைப் படித்துவிட்டுத்தான் கைவிடும்.

தேடிப் பார்த்தால் அதே லூப் பக்கத்து டிரைவரிலும் இருந்தது. அங்கே யாரோ எப்போதோ சரிசெய்துவிட்டார்கள். பேட்ச் எழுதியவர் காப்பியடித்தது சரிசெய்வதற்கு முந்தைய வடிவத்தை!

அதற்காக, ஒரே மாதிரி தெரிவதையெல்லாம் ஒன்றாக்கச் சொல்லவில்லை. கணினி துவங்கும்போது கெர்னலை எழுப்பிவிடும் ஈஎஃப்ஐ ஸ்டப் என்ற சிறு பகுதிக்குள், எழுத்துகளை வடிவமைக்கும் விஎஸ்என்பிரிண்ட்எஃப் ஃபங்ஷன் தனியாக ஒன்று இருக்கிறது. கெர்னலில்தான் ஏற்கெனவே ஒன்று உண்டே என்று தோன்றும். ஆனால் ஸ்டப் ஓடுவது கெர்னல் எழுவதற்கு முன்பு; அங்கிருந்து கெர்னல் ஃபங்ஷன்களை இஷ்டத்துக்குக் கூப்பிட முடியாது. அந்த இரட்டிப்பில் கை வைக்காதீர்கள். ஒரு பிரதியில் பிழை கிடைத்தால் இன்னொன்றையும் திருத்தியே ஆக வேண்டுமா? ஆமென்றால்தான் நான் இணைக்கச் சொல்வேன்.

ஸ்டைல் வேண்டாம் என்பதில்லை, அந்தந்த ஃபைலின் வழக்கப்படி போகட்டும். நெட்வொர்க்கிங் பக்கம் மாறிகளின் (வேரியபிள்) அறிவிப்புகளை நீளமான வரியிலிருந்து குட்டை வரிக்கு அடுக்கச் சொல்வார்கள். மற்ற இடங்களில் பெரும்பாலும் கேட்க ஆளில்லை. மின்சக்தி, வன்பொருள் அமைப்பைக் கையாளும் ஏசிபிஐசிஏ கோடு பல இயங்குதளங்களுக்குப் பொதுவானது, வெளியிலிருந்து ஸ்கிரிப்ட் வழியே லினக்ஸ் ஸ்டைலுக்கு மாற்றப்பட்டு உள்ளே வருகிறது. அங்கே அழகுபடுத்தப் போனால் அடுத்த முறை கோடு கொண்டுவருபவருக்குத் தலைவலி. ஒன்றில் மட்டும் பிடிவாதம்: பிழைத்திருத்தமும் அழகுபடுத்தலும் ஒரே பேட்ச்சில் வரக்கூடாது. பழைய ஸ்டேபிள் கெர்னலுக்கு (பிழைத்திருத்தம் மட்டும் போகும் வெளியீடு) அந்தத் திருத்தத்தை எடுத்துப்போகிறவர் நம்மைச் சபிப்பார்.

ஏழில் ஐந்து கமென்ட்டைத் திரும்பப் பெற்றுக்கொண்டு மேக்ரோவைப் போடச் சொன்னேன். நேற்று இரண்டாவது வெர்ஷன் வந்தது. லூப் போய்விட்டது. ஒரு வரி மட்டும் 104 எழுத்து. செக்பேட்ச் 100 வரைதான் பொறுக்கும். பார்த்தேன், விட்டுவிட்டேன்.