ஓடிஹம் தளம் ஹெலிகாப்டருக்காகக் கட்டியதல்ல

"ஓடிஹம் ஹெலிகாப்டர்களுக்காகவே கட்டிய தளம், இப்போது அங்கே அபாச்சிகள் நிற்கின்றன" என்று ஒருவர் எழுதியிருக்கிறார் (அபாச்சி என்பது தாக்குதல் ஹெலிகாப்டர்). இரண்டும் தவறு. இங்கிலாந்தின் ஹாம்ப்ஷயரில் உள்ள அந்தத் தளம் 1937-இல் திறக்கப்பட்டபோது பிரிட்டிஷ் வான்படையிடம் ஹெலிகாப்டரே கிடையாது. திறந்துவைத்தவர் யார் தெரியுமா? ஜெர்மன் விமானப்படை ஜெனரல் எர்ஹார்ட் மில்ஷ்! போருக்குப் பிறகு ஹண்டர், ஜாவலின் போன்ற ஜெட் போர் விமானங்கள் அங்கிருந்து பறந்தன. 1960களில்தான் பெல்வெடேர் ஹெலிகாப்டர்கள் வந்தன. இப்போது அங்கே நிற்கும் சினூக் என்ற பெரிய போக்குவரத்து ஹெலிகாப்டர் வந்தது 1980களின் தொடக்கத்தில்.

சினூக்கின் வேலை தாக்குவது அல்ல. வீரர்களை ஏற்றி இறக்குவது, பீரங்கியையும் எரிபொருளையும் கொக்கியில் தொங்கவிட்டுத் தூக்கிச் செல்வது. கதவோரத் துப்பாக்கி தற்காப்புக்குத்தான். அப்புறம், பிரிட்டனில் அபாச்சி வான்படையுடையதே அல்ல, தரைப்படையுடையது. அதன் முதன்மைத் தளம் சஃபோக்கில் உள்ள வாட்டிஷம்.