சாப்பிட்டுப் பார்க்கிறேன்

அமெரிக்காவில் மேடிசனில் இருக்கிற நம்ம ஆட்களிடம், குறிப்பாக எச்-4 விசாவில் (வேலைக்கு வந்தவரின் குடும்பத்தாருக்குத் தருவது) வந்து வீட்டோடு இருப்பவர்களிடம், ஒன்று சொல்ல வேண்டும். பல்கலைக்கழகத்துக்குப் படிக்க வருகிற வெளிநாட்டு மாணவர்களோடு வாரம் ஒரு மணி நேரம் ஆங்கிலத்தில் பேசிப் பழக ஆள் தேடுகிறார்கள் என்று வாட்ஸ்அப் குரூப்பில் போட்டேன். எல்லாரும் சொல்லி வைத்த மாதிரி ஒரே பதில். "என் இங்கிலீஷே தகராறு, நான் போய் யாருக்குச் சொல்லிக் கொடுக்க?"

நானும் அதையே சொல்லித்தான் ஒரு வருடம் ஒதுங்கி இருந்தேன். விருதுநகர் பக்கம், பன்னிரண்டாவது வரை தமிழ் மீடியம். இப்போது நேர்மாறாகத் தோன்றுகிறது. ஆங்கிலத்தோடு முட்டி மோதி மேலே வந்த நாம்தான் இதற்குச் சரியான ஆள்.

எனக்கு ஜோடி சேர்த்துவிட்டது ஒரு ஜப்பானியப் பெண்ணை, ஒரு வருடப் படிப்புக்கு வந்தவள். பேசிப் பழக முதலில் அவளுக்கு வாய்த்தவர் இந்த ஊர்க்காரர், நல்ல மனிதர்தானாம், ஆனால் இவள் ஒரு வாக்கியத்தை மனசுக்குள் கோத்து முடிப்பதற்குள் அவரே அதை முடித்துக் கொடுத்துவிட்டு அடுத்த கதைக்குப் போய்விடுவாராம். மூன்று வாரம் தலையாட்டிவிட்டு நின்றுவிட்டாள். காபிக் கடை வரிசையில் நிற்கும்போதே சொல்ல வேண்டியதை இரண்டு தடவை மனசுக்குள் ஓட்டிப் பார்த்தவள் நான். அதனால் அவள் யோசித்தபோது சும்மா இருந்தேன். பத்து விநாடி கழித்து, மெதுவாக, முழு வாக்கியம் வந்தது.

அப்புறம் ஆங்கிலத்தில் பெயர்ச்சொல்லுக்கு முன்னால் போடுகிற இந்த 'எ' (a), 'தி' (the) தொல்லை. ஜப்பானியத்திலும் அது கிடையாது, தமிழிலும் கிடையாது. இந்த ஊர்க்காரர்களைக் கேட்டால் காதுக்கு அப்படித்தான் சரியாகப் படுகிறது என்பார்கள். எட்டாம் வகுப்பில் அதற்காகவே குட்டு வாங்கிய எனக்குக் காரணம் சொல்லத் தெரிந்தது.

ஒரு நாள் மெண்டோட்டா ஏரிக்கரையில், அந்தப் பச்சை மஞ்சள் ஆரஞ்சு நாற்காலிகளில் உட்கார்ந்து டப்பாவைத் திறந்தேன். தயிர் சாதம், எலுமிச்சை ஊறுகாய். ஊறுகாயையே பார்த்துக்கொண்டிருந்தவள் "ஐ வில் ஈட் அண்ட் சீ" என்றாள். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை, அவள் முகம் சுருங்கிவிட்டது. ஐயோ, தப்பு இல்லை, எங்கள் ஊரிலும் இப்படித்தான் என்று 'சாப்பிட்டுப் பார்க்கிறேன்' என்பதைப் பிரித்துச் சொன்னேன். அவள் நாப்கினில் எழுதிக் காட்டினாள்: தபேதே மிமாஸ். தபேதே என்றால் சாப்பிட்டு, மிமாஸ் என்றால் பார்க்கிறேன். நாம் 'எழுதி வை' என்கிற மாதிரியே அவர்களுக்கும் 'வை' உண்டு. வினை கடைசியில், வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னால். அன்றைக்கு ஒரு மணி நேரம் மூன்று மணி நேரமானது.

(இதை வைத்து ஜப்பானியம் தமிழிலிருந்து பிறந்தது என்று ஃபார்வர்டு கிளப்பிவிடாதீர்கள். ஓனோ சுசுமு என்ற ஜப்பானிய அறிஞரே அப்படி ஒரு உறவுக்காகப் பல வருடம் வாதாடினார், மொழியியலாளர்கள் பெரும்பாலும் ஏற்கவில்லை.)

பிறகு பாதி நேரம் எனக்கு ஜப்பானியம் என்று ஆனது. ஹிரகானா என்ற அவர்களுடைய ஒலியெழுத்து வரிசையில் அடிப்படை எழுத்து 46தான் என்றதும், 247 படித்தவளிடமா என்று மார்தட்டினேன். அடுத்து கான்ஜி வந்தது, சீனத்திலிருந்து வந்த எழுத்துகள். பொதுப் பயன்பாட்டுப் பட்டியலில் மட்டும் 2136. வாயை மூடிக்கொண்டேன். நான் தடுமாறுவதைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு ஆங்கிலத்தில் பயம் விட்டுப்போனது, இதை எங்களைப் போல் பேச வருகிறவர்களுக்குக் கொடுக்கிற பயிற்சித் தாளில் எங்கேயும் எழுதவில்லை. 'உதவி செய்கிறோம்' என்ற அந்தத் தாளின் தோரணையே எனக்குப் பிடிக்கவில்லை. யார் யாருக்கு?

ஊருக்குத் திரும்பிவிட்டாள். நம்ம ஆட்கள் நிறையப் பேர் இருக்கிற டோக்கியோ நிஷி கசாயில் ஒரு இந்தியக் கடையைக் கண்டுபிடித்துப் போன வாரம் வாய்ஸ் நோட் அனுப்பினாள், தமிழில். அவர்களுக்கு ல வராது, ர தான். "அக்கா, எருமிச்சை ஊறுகாய் சாப்பிட்டுப் பார்த்தேன்."

நான் திருத்தவில்லை.