மணவாளக்குறிச்சி மணலிலும் குவாண்டம் இருக்கிறது
எலெக்ட்ரான் அணுக்கருவைக் கோள்போலச் சுற்றுவதில்லை, ஆர்பிட்டாலில், அதாவது அது இருக்க வாய்ப்புள்ள பகுதியில், பரவியிருக்கிறது என்று நீங்கள் வெளியிட்ட குவாண்டம் கட்டுரை தெளிவாக விளக்கியது, நன்றி. ஆனால் ஆர்பிட்டால் வகைகளில் எஸ், பி-யோடு நிறுத்திவிட்டீர்களே! எஃப் ஆர்பிட்டாலுக்கு எங்கள் குமரி மாவட்டப் பிள்ளைகளுக்குக் காலடியிலேயே உதாரணம் கிடக்கிறது.

மணவாளக்குறிச்சி கடற்கரை மணலில், கருமணலுக்கு நடுவே தேன்நிற மணிகளாகத் தெரிவது மோனசைட் என்ற கனிமம். அதில் லாந்தனம், சீரியம், நியோடிமியம் போன்ற அருமண் தனிமங்கள் எல்லாம் சேர்ந்தே இருக்கும். பிரித்தெடுப்பது பெரும்பாடு. ஏனென்றால் இவை வேறுபடுவது பெரும்பாலும் 4எஃப் (நான்காம் கூட்டின் எஃப் ஆர்பிட்டால்) எலெக்ட்ரான்களில். அவையோ 5எஸ், 5பி-க்கு உள்ளே ஒடுங்கிக் கிடக்கின்றன. அதனால் வேதிவினையில் எல்லாம் ஒன்றுபோலவே, பெரும்பாலும் மூன்று எலெக்ட்ரான்களை இழந்தே வினைபுரிகின்றன.

நியோடிமியம் காந்தம் எளிதில் காந்தத்தன்மையை இழக்காததற்கும் அந்த 4எஃப் எலெக்ட்ரான் மேகம் உருண்டையாக இல்லாமல், காந்தத் திசையைப் படிகத்தோடு பிணைத்துவைப்பதுதான் முக்கியக் காரணம். பிளஸ் டூ பிள்ளைகள் எலெக்ட்ரான் அமைப்பை வெறுமனே மனப்பாடம் செய்வதைப் பார்த்தால் மனசு கேட்கவில்லை. அடுத்த பகுதியில் எஃப் பற்றி அவசியம் எழுதுங்கள்.